உயிரின் துடிப்பை அளந்தவர்

எனது உம்மும்மாவின் இடது தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஒரு சிறிய உலோகப் பெட்டி இருக்கிறது. தீப்பெட்டி அளவுதான். அதிலிருந்து புறப்படும் மெல்லிய கம்பி ஒன்று நாளத்தின் வழியே போய் அவரது இதயத்தைத் தொடுகிறது. வைத்தியர்கள் அதைப் பேஸ்மேக்கர் என்கிறார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் அதைப் பெட்டரி என்றே சொல்கிறோம்.

கிளினிக் நாட்களில் உம்மும்மாவுக்குத் துணையாகப் போவது நான்தான். வைத்தியர் கைக்கு அடக்கமான ஒரு கருவியை எடுத்து உம்மும்மாவின் உடைக்கு மேலேயே அந்த இடத்தில் வைப்பார். கம்பி எதுவும் உடலுக்குள் போவதில்லை. ஊசியும் இல்லை. ஆனாலும் கடந்த பல மாதங்களில் அவரது இதயம் எப்படித் துடித்தது, எப்போது தடுமாறியது என்ற கணக்கெல்லாம் திரையில் வந்துவிடும். ஒருநாள் வீடு திரும்பும் வழியில், உடம்புக்குள் இருக்கும் பெட்டி வெளியில் இருக்கும் பெட்டியோடு எப்படிக் கதைக்கிறது என்று உம்மும்மா என்னிடம் கேட்டார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பேத்திக்குத் தெரியாமலா இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு. எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோதுதான் ஜகதீஷ் சந்திர போஸ் என்ற வங்காள அறிஞரைச் சந்தித்தேன். தாவரங்களுக்கும் உயிர் உண்டு என்று சொன்னவர் என்று சின்ன வகுப்பில் ஒரு வரியில் படித்திருந்தேன். அந்த ஒரு வரி அவரது வாழ்க்கைக்குப் போதாது என்பது இப்போது புரிகிறது. உடலுக்குள் பதிக்கும் கருவி எதையும் அவர் செய்யவில்லை. ஆனால் அத்தகைய கருவிக்கு மூன்று விடயங்கள் வேண்டும். உயிர் எழுப்பும் மிகச் சிறிய மின்சமிக்ஞையை உணர வேண்டும். குறைகடத்திகள் வேண்டும். கம்பியில்லாமல் செய்தியை வெளியே கொண்டுவரும் அலை வேண்டும். இந்த மூன்றிலும் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கைவைத்துப் பார்த்த ஒருவர் நமது தென்னாசியாவில் வாழ்ந்தார் என்பதே எனக்கு வியப்பாக இருந்தது.

போஸ் 1858 நவம்பர் 30 ஆம் திகதி, இன்று பங்களாதேஷ் என அழைக்கப்படும் கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். ஆறுகளும் ஓடைகளும் வயல்களும் நிறைந்த நாடு அது. தந்தை பகவான் சந்திர போஸ் ஆங்கிலேய அரசில் உயர் பதவி வகித்தவர். அக்காலத்தில் அத்தகைய பதவியில் இருந்தவர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்புவதையே பெருமையாக நினைத்தார்கள். பகவான் சந்திரரோ மகனைச் சாதாரண வங்காள மொழிப் பாடசாலைக்கு அனுப்பினார். பிள்ளை முதலில் தாய்மொழியை அறிய வேண்டும், தன் மக்களை அறிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அந்த வகுப்பறையில் போஸுக்கு வலப்பக்கம் அமர்ந்தவன் தந்தையிடம் வேலை செய்த ஒரு முஸ்லிம் ஊழியரின் மகன். இடப்பக்கம் அமர்ந்தவன் ஒரு மீனவரின் மகன். பறவைகள், மிருகங்கள், நீரில் வாழும் உயிர்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையைத் துருவிப் பார்க்கும் ஆசையைத் தமக்குள் விதைத்தன என்று போஸ் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். பாடசாலை விட்டு நண்பர்களோடு வீட்டுக்கு வந்தால், பழைமையில் ஊறிய இந்துப் பெண்ணான அவரது தாய், எந்தப் பேதமும் பாராமல் எல்லோருக்கும் உணவு பரிமாறுவாராம்.

இதை வாசித்தபோது எனது மூத்தவாப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் எங்கள் வாவியில் தோணியோட்டி மீன்பிடித்தவர். பூரணை இரவில் கல்லடிப் பக்கம் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார். மீன்பாடும் தேனாடு என்று நம் மண்ணுக்குப் பெயர் வந்த கதையை நாம் எல்லோரும் அறிவோம். வெறுங்காதுக்கு எட்டாத ஒலியைக் காதுக்குக் கொண்டுவர மூத்தவாப்பாவிடம் இருந்த கருவி அந்தத் துடுப்புத்தான். போஸின் இடப்பக்கத்தில் இருந்த மீனவர் மகனும் இப்படி ஏதாவது சொல்லியிருப்பானோ என்று எண்ணிப் பார்க்கிறேன்.

சிறுவன் போஸைப் பாடசாலைக்குத் தூக்கிச் சென்றவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் ஒரு காலத்தில் கொள்ளைக்காரர். அவருக்குச் சிறைத்தண்டனை வாங்கிக் கொடுத்தவரே போஸின் தந்தைதான். விடுதலையாகி வேலையின்றி வந்து நின்றவரைத் தம் வீட்டிலேயே வேலைக்கு வைத்து, மகனையும் அவர் பொறுப்பில் விட்டார் அந்தத் தந்தை. மனிதரை நம்பும் அந்தக் குணம் மகனுக்கும் வந்தது.

பின்னர் கல்கத்தாவுக்குச் சென்று புனித சவேரியார் பாடசாலையிலும் கல்லூரியிலும் கல்வி கற்றார். அங்கே லாபோன் பாதிரியார் என்ற ஆசிரியர் செய்து காட்டிய பௌதிகவியற் பரிசோதனைகள் அவரைக் கவர்ந்தன. 1880 இல் மருத்துவம் படிப்பதற்காக இலண்டனுக்குக் கப்பலேறினார்.

தோழியரே, இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். போஸால் மருத்துவம் படிக்க முடியவில்லை. ஏற்கெனவே அவரைப் பிடித்திருந்த காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தது. பிணங்களை அறுத்துப் படிக்கும் அறையின் வாடை அதை இன்னும் மோசமாக்கியது. முதலாம் ஆண்டிலேயே மருத்துவத்தைக் கைவிட நேர்ந்தது. கடல் கடந்து போன மகன், குடும்பத்துக்குக் கடன் இருக்கும் நிலையில், எடுத்த படிப்பை விட்டுவிட்டான் என்றால் ஊர் என்ன சொல்லியிருக்கும்? அவர் ஊர் திரும்பவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ற் கல்லூரியில் சேர்ந்து இயற்கை விஞ்ஞானம் கற்றார். ரேலி பிரபு போன்ற பேரறிஞர்கள் அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தார்கள். 1884 இல் பட்டம் பெற்றார்.

நாடு திரும்பி 1885 இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் பௌதிகவியற் பேராசிரியரானார். அங்கே ஓர் அநீதி காத்திருந்தது. ஒரே வேலைக்கு ஐரோப்பியருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு. போஸின் நியமனம் தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதிதான். அவர் கூச்சலிடவில்லை. வேலையையும் விடவில்லை. சம்பளத்தைத் தொட மறுத்தபடி மூன்று ஆண்டுகள் ஒழுங்காகப் பாடம் நடத்தினார். இறுதியில் நிர்வாகம் இறங்கி வந்து அவரை நிரந்தரமாக்கி, மூன்று ஆண்டுகளின் முழுச் சம்பளத்தையும் ஒன்றாகக் கொடுத்தது. அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்க உதவியது.

சம்பளமில்லாத அந்தக் காலத்தில், 1887 இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவி அபலா. நமது கல்லூரி மாணவிகள் இந்தப் பெயரை மறக்கக்கூடாது. கல்கத்தா மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே 1882 இல் அபலா தமிழ் மண்ணில் உள்ள சென்னைக்குப் போய் அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் படித்தார். உடல்நலக் குறைவால் அவரும் அப்படிப்பை முடிக்க முடியாமல் போனது. ஆக, மருத்துவராக விரும்பி அது கைகூடாத இருவர் வாழ்க்கையில் இணைந்தனர். பின்னாளில் அபலா பெண் கல்விக்காக உழைத்தார். 1919 இல் நாரி சிக்ஷா சமிதி என்ற அமைப்பை நிறுவி, வங்காளக் கிராமங்களில் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் திறந்தார்.

போஸ் ஆய்வு தொடங்கியது பெரிய ஆய்வுகூடத்தில் அல்ல. கல்லூரியில் அவருக்குக் கிடைத்தது குளியலறையை ஒட்டிய ஒரு சின்னஞ்சிறிய அறை. உதவிக்கு ஒரு தகர வேலைக்காரர் இருந்தார். வேண்டிய கருவிகளைப் போஸ் தாமே வரைந்து, அவரைக் கொண்டு செய்வித்தார். அந்த அறையில்தான் சில மில்லிமீற்றர் நீளமே உடைய மின்காந்த அலைகளை உண்டாக்கினார். அவ்வளவு குறுகிய அலைகளை அக்காலத்தில் கையாண்டவர்கள் மிகச் சிலரே. 1895 இல் கல்கத்தா நகர மண்டபத்தில் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு பரிசோதனை செய்து காட்டினார். அவர் அனுப்பிய கண்ணுக்குத் தெரியாத அலை, சுவர்களையும் இடையில் இருந்த ஆளுநரின் உடலையும் கடந்து போய், தூரத்து அறையில் மணியை ஒலிக்கச் செய்தது. வெடிமருந்தையும் பற்றவைத்தது.

உம்மும்மாவின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் விடை இதுதான். தோலும் தசையும் எல்லா மின்காந்த அலைகளுக்கும் முழுத்தடையாக நிற்பதில்லை. அதனால்தான் உள்ளே இருக்கும் பெட்டியும் வெளியே இருக்கும் பெட்டியும் கம்பியின்றிக் கதைக்க முடிகிறது.

அலையை அனுப்பினால் போதாது, அதை உணரவும் வேண்டும். அதற்காகப் போஸ் பல பொருட்களைச் சோதித்தார். கலேனா என்ற ஈயக் கனிமத்தின் பளிங்கு அலைகளை நன்றாக உணர்வதைக் கண்டார். 1904 இல் அமெரிக்காவில் அதற்கு ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. குறைகடத்தியால் ஆன கருவி ஒன்றுக்குக் கிடைத்த முதல் ஆக்கவுரிமைகளில் அது ஒன்று. இன்று நம் கைத்தொலைபேசி முதல் உம்மும்மாவின் பேஸ்மேக்கர் வரை எல்லாமே குறைகடத்திகளால் இயங்குபவை. ஆனால் போஸ் அந்த உரிமையை வைத்துப் பணம் தேடவில்லை. அறிவு எல்லோருக்கும் பொதுவானது என்று எண்ணிய அவர், ஆக்கவுரிமை பெறுவதற்கே நண்பர்களின் வற்புறுத்தலால்தான் இணங்கினார். கம்பியில்லாத் தந்தியின் புகழும் செல்வமும் மார்க்கோனிக்குப் போயின. போஸ் அதற்காகப் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. அவரது கவனம் அதற்குள் வேறு திசைக்குத் திரும்பியிருந்தது.

அதற்குக் காரணம் ஒரு சிறிய அவதானிப்பு. அலையை உணரும் அவரது கருவி தொடர்ந்து வேலை செய்தால் சோர்ந்துபோனது. சிறிது ஓய்வு கொடுத்தால் மீண்டும் சுறுசுறுப்படைந்தது. உயிருள்ள தசையும் இப்படித்தானே களைத்துத் தெளிகிறது? உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் இடையே உள்ள எல்லை எங்கே என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. மருத்துவக் கல்லூரியின் வாசலில் விட்டு வந்த உயிரியலை, பௌதிகவியலின் வாசல் வழியாக மீண்டும் வந்தடைந்தார்.

தாவரங்களை அவர் எடுத்துக்கொண்டார். நமது வாவிக் கரையிலும் வீதியோரத்திலும் கிடக்கும் தொட்டாற்சுருங்கியும் அவரது ஆய்வுச் செடிகளில் ஒன்று. அதைத் தொட்டால் இலை மடிவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் மடிவதற்கு முன் உள்ளே ஒரு மின்துடிப்பு ஓடுவது தெரியாது. அதைக் காண நுண்ணிய மின்னோட்டத்தை அறியும் கல்வனோமானியோடு செடியை இணைத்தார். சிற்றிலைகள் தாமாகவே ஏறி இறங்கும் தந்திச் செடியை ஆராய்ந்து, ஈதர் போன்ற மருந்துகள் அந்த அசைவை எப்படி மாற்றுகின்றன என்று பதிவு செய்தார். விலங்கின் இதயத்தில் மருந்துகள் செய்யும் மாற்றங்களோடு அதை ஒப்பிட்டார். தாவரத்தின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெருப்பித்துக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியையும் அமைத்தார். நத்தையை விடப் பல மடங்கு மெதுவாக நடக்கும் வளர்ச்சி, அதன் முன் கண்ணெதிரே ஓடியது.

இன்னொரு கருவி எனக்கு மிகவும் பிடித்தது. மிக மெல்லிய பிளாற்றினக் கம்பி ஒன்றைத் தாவரத் தண்டுக்குள் சிறிது சிறிதாகச் செலுத்தி, எந்தப் படையில் மின்துடிப்பு அதிகம் என்று அளந்தார். உயிருள்ள உடலின் உள்ளே நுனியை வைத்து, உள்ளிருந்தே செய்தி கேட்பது! உம்மும்மாவின் இதயத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் கம்பியும் இதைத்தான் செய்கிறது. இதயத்தில் எழும் சில மில்லிவோல்ற்று அளவான மின்துடிப்பை அது கேட்கிறது. இதயம் தானாகத் துடித்தால் பேசாமல் இருக்கிறது. துடிப்புத் தவறினால் மட்டும் ஒரு சிறு மின்தூண்டலைக் கொடுக்கிறது. கொடுப்பதை விடக் கேட்பதே அதன் பெரிய வேலை என்று சொல்லலாம்.

போஸின் முடிவுகளை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1901 இல் இலண்டனில் அவர் தமது ஆய்வை முன்வைத்தபோது, மூத்த உடற்றொழிலியல் அறிஞர்கள் எதிர்த்தனர். பௌதிகவியலாளருக்கு உயிரியலில் என்ன வேலை என்பது அவர்களது மனக்குறை. அவரது கட்டுரையின் வெளியீடும் தடைப்பட்டது. போஸ் 1902 இல் தமது ஆய்வுகளை ஒரு நூலாகவே வெளியிட்டார். தாவரங்களுக்கும் விலங்குகளைப் போன்ற நரம்பு உண்டு என்ற அளவுக்கு அவர் சென்றது இன்றும் பலரால் ஏற்கப்படுவதில்லை. அதை மறைத்து அவரைப் புகழ வேண்டியதில்லை. ஆனால் தாவரங்களில் மின்சமிக்ஞைகள் ஓடுகின்றன என்பதை இன்றைய விஞ்ஞானம் ஏற்கிறது. 1920 இல் இலண்டன் ரோயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. ஒருகாலத்தில் கதவை மூடிய அதே சங்கம்தான் அது.

அவர் தாய்மொழியையும் மறக்கவில்லை. வங்காள மொழியில் அழகிய கட்டுரைகள் எழுதினார். 1896 இல் ஒரு விஞ்ஞானக் கதையும் எழுதினார். பெரும் சூறாவளி ஒன்றை ஒரு போத்தல் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் அடக்கிவிடும் வேடிக்கையான கதை அது. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்ட நமக்கு, அந்தக் கதை சிரிப்போடு ஒரு பெருமூச்சையும் தருகிறது.

1917 இல், தமது பிறந்த நாளான நவம்பர் 30 அன்று, கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் திறந்தார். அது இன்றும் இயங்குகிறது. 1937 நவம்பர் 23 ஆம் திகதி, எழுபத்தொன்பதாவது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கிரிடி என்ற ஊரில் காலமானார்.

அவர் பிறந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகளின் பின், 1958 ஒக்டோபரில், சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் உலகின் முதலாவது பேஸ்மேக்கர் பதிக்கப்பட்டது. அதைச் செய்த ரூனே எல்ம்குவிஸ்ற் மருத்துவம் படித்துவிட்டுப் பொறியியலுக்குப் போனவர். முதற் கருவி சில மணித்தியாலங்களே இயங்கியது. ஆனால் அடுத்தடுத்த கருவிகளோடு லார்சன் 2001 வரை வாழ்ந்தார். இன்று சுவாசப்பை நாடிக்குள் வைக்கப்படும் அழுத்த உணரி ஒன்று இருக்கிறது. அதற்குள் பெட்டரியே கிடையாது. வெளியிலிருந்து வரும் வானொலி அலையே அதை இயக்கி, அது அளந்த குருதியமுக்கத்தையும் வாங்கிச் செல்கிறது. 2014 இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. நீரிழிவு நோயாளரின் தோலுக்கடியில் இருந்தே குளுக்கோசு அளவைச் சொல்லும் உணரிகளும் வந்துவிட்டன. நம் ஊரில் நீரிழிவு இல்லாத வீடு எது? விரலைக் குத்திக் குத்தி இரத்தம் பார்க்கும் நம் பெற்றோருக்கு இந்தக் கருவிகள் மலிவான விலையில் வந்து சேரும் நாளை நினைத்துப் பார்க்கிறேன்.

இனி நான் சொல்லப்போவது போஸைப் பற்றியது அல்ல, என்னைப் பற்றியது. உயர்தர வகுப்பில் முதன்முறை பதப்படுத்திய விலங்கின் முன் நின்றபோது, போமலின் வாடையில் தலைசுற்றி விழுந்தேன். இரண்டாம் முறையும் அப்படித்தான். நான் பிறந்த நாளிலிருந்தே என்னை டொக்டர் என்று கூப்பிடும் வாப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. உம்மாவிடமும் சொல்லவில்லை. உயிரியலை விட்டுவிட்டுக் கலைப்பிரிவுக்குப் போய்விடலாமா என்று இரவில் அழுதிருக்கிறேன். இந்த மலரைப் பெற்றோரும் வாசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நான் உயிரியலை விடப்போவதில்லை. இன்ஷா அல்லாஹ், பரீட்சையை நன்றாக எழுதுவேன். ஆனால் நோயாளரின் பக்கத்தில் நிற்க ஒரே ஒரு வாசல்தான் உண்டு என்று இனி நினைக்க மாட்டேன். மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் இருக்கிறது. கதிர்ப்படவியல் இருக்கிறது. உம்மும்மாவின் பெட்டியைப் போன்ற கருவிகளுக்குப் பின்னால் நிற்கும் பௌதிகவியல் இருக்கிறது. அந்தப் பாடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது என்பதும் வாப்பாவுக்குத் தெரியாத இன்னொரு செய்தி.

சென்ற வாரம் உம்மும்மாவிடம் அவரது கேள்விக்கு விடை சொன்னேன். அலை, பளிங்கு, தொட்டாற்சுருங்கி என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் அது மூத்தவாப்பாவின் துடுப்புப் போலத்தானே என்றார். ஆமாம் உம்மும்மா, அதேதான் என்றேன்.